ஏலியாம்மாவுக்குத் திறக்காத வீட்டுப்பேர்

ஏலியாம்மா மீன் வாங்குவதை வேடிக்கை பார்க்கவென்றே கேரளத்துப் பாலா ஊர்ச் சந்தையில் நின்றவர்கள் உண்டு. செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். கண்ணை அமுக்கிப் பார்ப்பாள். வாலைப் பிடித்து ஆட்டி, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பாள். எல்லாம் ஆன பிறகு, "இது நேத்தைய மீன்தானே?" என்று கேட்பாள். மீன்காரன் கர்த்தரையும் மாதாவையும் சாட்சிக்குக் கூப்பிட்டால், "சத்தியம் பண்றியா, அப்ப கண்டிப்பா நேத்தைய மீன்தான்" என்று சொல்லிவிட்டு அதையே வாங்கிக்கொண்டு போவாள்.

அது அவளோடு தொடங்கிய குணமல்ல. ஆஞ்ஞிலிமூட்டில் என்பது அவள் பிறந்த வீட்டின் பேர், அந்த வீட்டு இரத்தமே அப்படி. அவளுடைய அப்பன் இட்டியவிரா ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடியும்வரை நனைந்த குடையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்பார். வெளியே சாத்தி வைத்தால் எவனாவது கொண்டுபோய்விடுவானாம். அவருக்கு மக்கள் ஐந்து பேர். மூத்தவள் மரியம் கன்னியாஸ்திரீயாகி ஆந்திராவுக்குப் போய் அங்கேயே அடக்கமானாள். அடுத்தவன் வக்கச்சன், வீட்டையும் ரப்பர் தோட்டத்தையும் வைத்திருக்கிறவன். அவனுக்குக் கீழே சாக்கோ, மலபார்ப் பக்கம் காடு வெட்டி குடியேறினவன். அப்புறம் ரோசம்மா, காஞ்ஞிரப்பள்ளியில் கட்டிக்கொடுத்தது. கடைக்குட்டி ஏலியாம்மா.

தட்டச்சு படிக்க அவளைக் கோட்டயத்துக்கு அனுப்பியதே வக்கச்சன்தான். அங்கே அவள் மலையாளத் தட்டச்சு படித்தாள், பிறகு கம்ப்யூட்டர் வந்ததும் அதிலும் மலையாளம் படித்தாள். மெய்யெழுத்துக்கு நாம் தலையில் புள்ளி வைக்கிறோம். அவர்கள் ஒரு சின்னப் பிறையை வைப்பார்கள். ஆனால் பேரின் கடைசியில் வருகிற ன், ல், ர் போன்றவற்றுக்குப் பிறையும் கிடையாது, எழுத்தையே வளைத்து ஒரு வாலைச் சுழித்துவிடுவார்கள். அந்த வால் எழுத்துக்கு அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் தனிச் சாவி இல்லை. 'ல'வைத் தட்ட வேண்டும், பிறையைத் தட்ட வேண்டும், வலது ஓரத்தில் ஒரு சாவியைத் தட்ட வேண்டும். அந்த ஓரச் சாவி திரையில் ஒன்றும் எழுதாது. ஆனால் அதைத் தொட்ட உடனே பிறை மறைந்து வால் முளைக்கும். "ல, பிறை, ஓரம். ன, பிறை, ஓரம்" என்று குறுப்பு மாஸ்டர் மேசையைத் தட்டித் தாளம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார். ஏலியாம்மாவின் விரலில் அது ஜெபமாலை மாதிரி ஏறிவிட்டது.

அந்தத் தட்டச்சுப் பள்ளிக்கு மிஷின்களைப் பழுது பார்க்க வருவான் ஈப்பன். மார்த்தோமா சபைக்காரன், ஒல்லியாக, விரலெல்லாம் எண்ணெய்க் கறையோடு இருப்பான். ஏலியாம்மா அவனையும் மீனைப் பார்க்கிற மாதிரி மூன்று வருஷம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தாள். ஆஞ்ஞிலிமூட்டில்காரர்கள் பரம்பரைக் கத்தோலிக்கர்கள். அப்பன் இறந்து வீட்டுக்குப் பெரியவனாகியிருந்த வக்கச்சன், "சபையை விட்டுப் போறவ வீட்டை விட்டும் போறவதான்" என்றான். அவள் போனாள். கல்யாணத்துக்கு அவன் வரவில்லை. மகள் ஷைனி பிறந்தபோதும் வரவில்லை. ஈப்பன் இறந்தபோது கல்லறைத் தோட்டத்து வாசல்வரை வந்து நின்றுவிட்டுப் போனதாக யாரோ சொன்னார்கள்.

"நிஜமாவே செத்துட்டானான்னு பாக்க வந்திருப்பாரு" என்றாள் ஏலியாம்மா.

பாலாவில் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் அவள் டிடிபி கடை வைத்தாள். கல்யாணக் கார்டு, ஞானஸ்நானக் கார்டு, மரண அறிவிப்பு, பெருநாள் நோட்டீஸ். அதில் ஒரு விசித்திரம் என்னவென்றால், பேச்சுவார்த்தை இல்லாத அந்த வக்கச்சன், ஆஞ்ஞிலிமூட்டில் வீட்டு அச்சு வேலையை எல்லாம் அவளுடைய கடைக்குத்தான் அனுப்புவான். தான் வரமாட்டான், ஆள் வரும். "தங்கச்சி பிழைக்கட்டும்னு மனசுல இருக்கும்" என்று ரோசம்மா சொல்லிப் பார்த்தாள். ஏலியாம்மா ஒப்பவில்லை. "என்னைச் சேத்துக்காத கல்யாணத்துக்கு என் கையாலயே கார்டு அடிக்க வைக்கிறாரு. குரூரம்" என்றாள்.

குடும்பச் சரித்திரப் புத்தகமும் அப்படித்தான் வந்தது. எல்லோருடைய பேருக்குப் பக்கத்திலும் கட்டினவர் பேர், பிள்ளைகள் பேர், வேலை, ஊர். அவளுக்கு மட்டும், 'மகள் ஏலியாம்மா. மணமானவர்.' அதோடு முற்றுப்புள்ளி. அந்த வரியை அவளேதான் தட்டினாள். பக்கத்தில் ஈப்பன் என்று சேர்த்திருந்தால் அச்சான பிறகு யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஷைனிகூட அயர்லாந்திலிருந்து போனில் அப்படித்தான் சொன்னாள். "நான் போட்டா அது திருட்டுடி. அவங்க போடணும்" என்று ஏலியாம்மா சொல்லிவிட்டாள். உலகத்தில் அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ஆஞ்ஞிலிமூட்டில் வீட்டார் தங்கள் கையால் ஈப்பன் பேரை அவள் பேருக்குப் பக்கத்தில் எழுத வேண்டும்.

இப்படியே காலம் போய், தலை முழுக்க நரைத்த பிறகு ஒரு நாள் கடையில் போன் அடித்தது.

"அம்மாயி, டிஜோ பேசறேன்."

அம்மாயி என்றால் அங்கே அத்தை. ஏலியாம்மாவை அப்படி அழைத்தவர்கள் அதுவரை யாருமில்லை.

"எந்த டிஜோ?"

"வக்கச்சன் மகன் டிஜோ."

"அதை நான் எப்படி நம்பறது? உங்கம்மா பொறந்த வீட்டுப்பேர் சொல்லு."

"களப்புரைக்கல்."

"ம். சொல்லு."

டிஜோ பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். குடும்பயோகம் என்கிற உறவுக்காரர் சங்கத்துக்காக இணையத்தில் ஒரு பக்கம் செய்திருப்பதாகச் சொன்னான். இட்டியவிராவின் அப்பன் காலத்திலிருந்து எல்லாக் கிளையும் அதில் இருக்கிறதாம்.

"விலாசம் வீட்டுப்பேர்லயே வாங்கியிருக்கேன் அம்மாயி. ஆஞ்ஞிலிமூட்டில், ஒரு புள்ளி, பாரதம். முழுக்க மலையாளம். இங்கிலீஷ் எழுத்து ஒண்ணுகூடக் கிடையாது."

"மலையாளத்துல விலாசமா? இங்கிலீஷ்ல இருக்கும்போதே ஊரை ஏமாத்தறானுங்க. இது எந்தக் கள்ளன் கண்டுபிடிச்சது?"

"கள்ளன் இல்ல, இப்ப எல்லா மொழியிலயும் கிடைக்குது. சாச்சனுக்கு இங்கிலீஷ் எழுத்துன்னா தடுமாறுமில்லையா, அதுக்காகத்தான் தேடி வாங்கினேன்." தகப்பனைச் சாச்சன் என்று அழைப்பது பாலா வழக்கம். "இந்தத் தடவை யாரையும் விடல. கட்டிக்கிட்டவங்க, பிள்ளைங்க எல்லாரும் இருக்காங்க. நீங்க திறந்து உங்க கிளையைப் பாருங்க. தப்பு இருந்தாச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை குடும்பயோகத்துல நம்ம சர்ச் விகாரியச்சன் திறந்து வைக்கிறார். அப்படியே விலாசத்தை வச்சு ஒரு நோட்டீஸ் அடிச்சு, வழக்கம்போல எல்லார் வாட்ஸப்புக்கும் அனுப்பிடுங்க."

"யாரையும் விடலையா?"

"விடல அம்மாயி."

ஈப்பனையுமா என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. அவள் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு நோட்டீஸை அடித்தாள். வீட்டுப்பேரின் கடைசியில் 'ல்' வந்தபோது விரல் தானாக ல, பிறை, ஓரம் என்று போய் வந்தது. அடியில் போனைக் காட்டினால் திறக்கிற கட்டப் படத்தையும் அந்த விலாசத்திலிருந்தே உண்டாக்கி ஒட்டி, குவைத்து, மலபார், காஞ்ஞிரப்பள்ளி என்று உறவு முழுக்க அனுப்பிவைத்தாள். பிறகு கதவைப் பாதி சாத்திவிட்டு, தானே அந்த விலாசத்தைத் தட்டித் திறக்கப் பார்த்தாள்.

அப்படி ஒரு விலாசமே இல்லை என்றது கம்ப்யூட்டர்.

மறுபடி தட்டினாள். எழுத்தெழுத்தாக உதடசைத்துப் படித்துப் பார்த்தாள். ஒரு பிழையும் இல்லை. பிழையில்லாமல் தட்டுவதில் பாலாவில் அவளுக்கு மேலே ஆளில்லை என்று அவளுக்குத் தெரியும்.

மாடிப்படிக்கு அடியில் சந்திரப்பன் லாட்டரி விற்கிறான். அவனிடம் போனாள்.

"சந்திரப்பா, உன் போன்ல இதைத் தட்டு. ஆஞ்ஞிலிமூட்டில், புள்ளி, பாரதம்."

"என்ன சேச்சி, பம்பர் குலுக்கலா?" என்றபடியே அவன் கட்டைவிரலால் தட்டினான். திறந்தது. பழைய வீடும் முற்றத்து ஆஞ்ஞிலி மரமும் படமாக வந்தன. "இதோ சேச்சி, அரண்மனை மாதிரி இருக்கே! இது உங்க வீடா?"

ஏலியாம்மா ஒரு கணம் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உனக்குத் திறக்குது. எனக்குத் திறக்கல. ஒரே வீடு, ஒரே வாசல். இதுக்கு என்ன அர்த்தம்?"

"மிஷின்ல ஏதாவது கோளாறா இருக்கும்."

"மத்ததெல்லாம் திறக்குதே! மின்சார ஆபீஸ் திறக்குது, ஷைனி முகம் தெரியுது. இது ஒண்ணு மட்டும் அடைஞ்சிருக்குன்னா, யாரோ அடைச்சிருக்கான்னு அர்த்தம்."

"அட, உள்ள போய் உங்க பேர் இருக்கான்னு பாருங்க சேச்சி. போன் கையிலதானே இருக்கு."

"அடுத்தவன் ஜன்னல் வழியா எங்க வீட்டை நான் ஏன் எட்டிப் பாக்கணும்? எனக்குன்னு இருந்தா எனக்குத் திறக்கட்டும்."

சந்திரப்பன் தலையைச் சொறிந்தான். "நீங்க வாங்குற டிக்கெட்டுக்குப் பரிசு விழுந்தாலும் அரசாங்கம் ஏன் குடுக்குதுன்னு கேப்பீங்க" என்றான்.

படியேறும்போதே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. யாரையும் விடவில்லை என்று வாயால் சொல்வது. அவளுக்கு மட்டும் தெரியாமல் அடைப்பது. உள்ளே அதே 'மணமானவர்', அதே முற்றுப்புள்ளி. ஞாயிற்றுக்கிழமை விகாரியச்சன் திறந்து வைத்த பிறகு யார் என்ன செய்ய முடியும்? அவளுடைய கையாலேயே நோட்டீஸும் அடிக்க வைத்துவிட்டார்கள். டிஜோ இரண்டு முறை கூப்பிட்டான். எடுக்கவில்லை. 'பார்த்தீர்களா அம்மாயி?' என்று செய்தி போட்டான். "நக்கலைப் பாரு" என்றாள் திரையிடம்.

சனிக்கிழமை காலையில் அவன் நேரே கடைக்கு வந்துவிட்டான். வக்கச்சனின் அதே மூக்கு. வந்தவன் உட்காரக்கூட இல்லை.

"அம்மாயி, மனசுல ஏதாவது இருந்தா என்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

"யாருக்கு மனசுல என்ன?"

"நீங்க அனுப்பின விலாசம் யாருக்குமே திறக்கல. குவைத்துக்காரங்க திட்டறாங்க. நோட்டீஸ்ல இருக்கிற படமும் வெத்து. எங்கம்மா, 'நான்தான் சொன்னேனே, அவ பழசை மறக்கல, வேணும்னே செஞ்சிருக்கா'ன்னு ஆரம்பிச்சுட்டாங்க."

"பெண்ணம்மச் சேட்டத்தியா? அவ சொல்லுவா. வாசலை அடைச்சது நீங்க, பழி எனக்கா?"

"எந்த வாசல்?"

"லாட்டரிக்காரனுக்குத் திறக்குது, எனக்குத் திறக்கலையே. என் மிஷினைப் பாத்து அடைச்சது நீதானே?"

"அப்படியெல்லாம் ஒருத்தரை மட்டும் அடைக்க எனக்கு எங்க அம்மாயி நேரம்?"

"நேரம் இருந்தா அடைச்சிருப்பேன்னுதானே சொல்ற?"

டிஜோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். தன் போனிலிருந்து விலாசத்தை அவளுடைய கம்ப்யூட்டருக்கு அனுப்பினான். அதற்கு அடியில் அவளைத் தட்டச் சொன்னான். பெரிய எழுத்தில் இரண்டு வரி, மேலே அவனுடையது, கீழே அவளுடையது. இரண்டு பேரும் மூக்கு திரையில் படுகிற மாதிரி குனிந்து பார்த்தார்கள். ஒரு நூல் வித்தியாசமில்லை.

"ஒண்ணுதானே?" என்றாள்.

"ஒண்ணுதான்" என்றான். மேல் வரியை அழுத்தினான், திறந்தது. கீழ் வரியை அழுத்தினான், இல்லை என்றது.

"பாத்தியா, என் கைபட்டா திறக்கக் கூடாதுன்னு செஞ்சிருக்க."

அவன் சாவிப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். மேல் வரியில் வீட்டுப்பேர் முடிகிற இடத்தில் போய் நின்று அழிக்கிற சாவியை ஒரு முறை தட்டினான். வால் எழுத்து 'ல்' முழுசாக மறைந்தது. கீழ் வரிக்குப் போய் அதேபோல ஒரு முறை தட்டினான். அங்கே எழுத்து மறையவில்லை. வால் மட்டும் உதிர்ந்தது. 'ல'வும் அதன் தலையில் ஒரு பிறையும் நின்றன.

டிஜோ அவள் பக்கம் திரும்பினான்.

"நீங்க இந்த 'ல்'லை எப்படித் தட்டறீங்க அம்மாயி?"

"எப்படித் தட்டறதுன்னா? ல, பிறை, ஓரம்."

"ஓரமா?"

அவள் அந்தச் சாவியைக் காட்டினாள். டிஜோ நெற்றியில் அடித்துக்கொண்டான். "இப்ப வால் எழுத்து தனி எழுத்து அம்மாயி. ஒரே துண்டு. அது வந்து வருஷக்கணக்காச்சு. போன்லயெல்லாம் ஒரே தட்டுல வந்துடும். நீங்க மூணு தட்டு தட்டறீங்க. கண்ணுக்குத்தான் ரெண்டும் ஒண்ணு. கம்ப்யூட்டருக்கு உங்களோடது வேற பேர், வேற வீடு. அந்த வீட்டை யாரும் கட்டவே இல்ல."

ஏலியாம்மா ஓரச் சாவியை முறைத்துப் பார்த்தாள். "கல்யாணக் கார்டு அத்தனையும் இதுலதானே அடிச்சேன். எவனும் ஒண்ணும் சொல்லலையே."

"காகிதத்துக்கு எது வேணா ஒண்ணுதான்."

"அப்ப குறுப்பு மாஸ்டர் சொல்லிக்குடுத்தது தப்பா?"

"தப்பில்ல. பழசு."

அதை அவள் நம்பினாளா என்றால், பாதி. மேல் வரி விலாசம் அவளுடைய கம்ப்யூட்டரிலேயே திறந்து கிடந்தது. வீடு, ஆஞ்ஞிலி மரம், மேலே ஒரு தேடுகிற கட்டம். அவள் டிஜோவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே அந்தக் கட்டத்தில் ஈப்பன் என்று தட்டினாள்.

'இந்தப் பேரில் யாரும் இல்லை' என்று வந்தது.

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்சம் பொறுத்து, "அதானே" என்றாள். "யாரையும் விடலன்னு சொன்னியே மோனே."

"அம்மாயி," என்றான் டிஜோ மெல்ல, "கடைசி எழுத்து."

ஈப்பனின் 'ன்'. ன, பிறை, ஓரம். அவள் அழிக்கிற சாவியைத் தட்டினாள். வால் போய் பிறை நின்றது. புது எழுத்து அவளுடைய சாவிப்பலகையில் எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது. டிஜோவைக் கேட்கவும் மனம் வரவில்லை, அவன் எதையாவது மாற்றித் தட்டிவிட்டால்? பக்கத்தின் மேலே குடும்பயோகத் தலைவர் வக்கச்சன் என்று பெரிதாகப் போட்டிருந்தது. அந்தப் பேரின் கடைசி எழுத்தை மட்டும் அடையாளமிட்டு நகலெடுத்தாள். கொண்டுவந்து ஈப்பனுக்கு ஒட்டினாள். தட்டினாள்.

வந்தது. ஏலியாம்மா, இட்டியவிராவின் இளைய மகள். கணவர் ஈப்பன், தட்டச்சு இயந்திரம் பழுது பார்ப்பவர். மகள் ஷைனி, மருமகன், இரண்டு பேரப் பிள்ளைகள்.

சந்திரப்பனின் லாட்டரி மைக் கீழே கத்திக்கொண்டிருந்தது. ஏலியாம்மா கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தாள், போட்டாள், மறுபடியும் கழற்றித் துடைத்தாள்.

"இது எப்பப் போட்டது?"

"முதல்லயே."

"யார் போடச் சொன்னது?"

"சாச்சன்."

"பொய். நான் கத்துவேன்னு இப்ப வர்ற வழியில நீ போட்டிருப்ப. என் மிஷின்ல ஒண்ணு காட்டி உங்க மிஷின்ல ஒண்ணு காட்டறதுக்கும் வழி இருக்கும். உனக்குத் தெரியாததா?"

டிஜோ சிரித்துவிட்டான். "அப்ப என்ன செய்யலாம்கிறீங்க?"

"உங்க வீட்டு மிஷின்ல நான் பாக்கணும்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. ஆனால் சொன்னதை மாற்றிச் சொல்லுகிற வழக்கம் அந்த வீட்டு இரத்தத்தில் இல்லை. புது எழுத்தோடு நோட்டீஸை மறுபடி எல்லோருக்கும் அனுப்பினாள். 'திருத்திய விலாசம்' என்று மட்டும் போட்டாள், யார் பிழை என்று போடவில்லை. கடையைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, டிஜோவின் காரில் ஏறிக் கதவைச் சாத்தின பிறகு இறங்கிப் போய் இன்னொரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

வக்கச்சன் முன்னறையில் சாய்வு நாற்காலியில் கிடந்தான். பக்கவாதம் வந்து இடது கை மடியில் துவண்டிருந்தது. வாசலில் நிழல் தட்டியதும் நிமிர்ந்தான்.

"யாரது, ஏலியா?"

"ஆமா சேட்டாயி."

"எதுக்கு வந்த?"

"சரிபாக்க."

"எதை?"

"அங்க காட்டின பேர் இங்கயும் இருக்கான்னு."

வக்கச்சன் அவளை மேலும் கீழும் பார்த்தான். பிறகு வலது கையால் பக்கத்து மேசையிலிருந்த கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பிவிட்டான். பக்கம் திறந்தே இருந்தது. அவளே உருட்டி, மரியத்தைத் தாண்டி, சாக்கோ பிள்ளைகளைத் தாண்டி, ரோசம்மாவைத் தாண்டிப் போனாள். கணவர் ஈப்பன். அங்கேயும் இருந்தான்.

"டிஜோ இன்னிக்குப் போட்டதா இது?"

"இவனா?" வக்கச்சன் மகனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "இவனை யாரு நம்பறது? நான் சொல்லச் சொல்ல, பக்கத்துலயே உக்காந்து ஒவ்வொரு எழுத்தா நான் பாத்த பிறகுதான் அடுத்த எழுத்துக்கு விட்டேன். உன் புருஷன் பேர்ல ரெண்டு 'ப' போடாம ஒண்ணு போட்டான், எடீ. நான் திருத்தினேன்."

டிஜோ ஆமென்று தலையாட்டினான். ஏலியாம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அண்ணன் பொய் சொல்லலாம். ஆனால் மகனைச் சந்தேகப்பட்டு எழுத்தெழுத்தாகக் காவல் இருந்தேன் என்பது ஆஞ்ஞிலிமூட்டில் இட்டியவிராவின் மகன் செய்யாத காரியமல்ல. அதை அவளால் நம்ப முடிந்தது.

அண்ணி பெண்ணம்மா உள்ளேயிருந்து வந்தாள். வேகவைத்த கப்பைக் கிழங்கும் குடம்புளி போட்ட மீன்கறியும் இரண்டு தட்டில் கொண்டுவந்து வைத்தாள். ஏலியாம்மா மீன் துண்டை எடுத்தாள், புரட்டினாள், மூக்கருகே கொண்டுபோனாள்.

"நேத்தைய மீன்தானே சேட்டத்தி?"

"காலையில வாங்கினது. மாதாவாணை!" என்றாள் பெண்ணம்மா.

"நானும் கேட்டேன்டி" என்றான் வக்கச்சன். "என்கிட்டயும் இப்படித்தான் சத்தியம் பண்ணினா. அப்பவே எனக்குச் சந்தேகம்."

அண்ணனும் தங்கையும் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்கள்.